ஏரிக்கு மேலே நடங்கள்: குடிநீரின் நீர்ப்பிடிப்பைக் காக்க ஒரு பழைய சர்வேயரின் கைக்குறிப்பு

போன ஐப்பசியில் எங்கள் தெருப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் வீட்டுக்கு வந்தார்கள். கையுறை, சாக்குப்பை, ஒரே நிறத்தில் பனியன், எல்லாம் தயார். "ஞாயித்துக்கிழமை ஏரியைச் சுத்தம் பண்றோம் சார், நீங்களும் வரணும்" என்றார்கள். வருகிறேன் என்றேன். ஆனால் ஒரு நிபந்தனை போட்டேன்: அடுத்த முறை நல்ல மழை பிடிக்கும்போது குடையோடு வந்து என்னைக் கூப்பிட வேண்டும். ஏரிக்கரைக்கு வேண்டாம், ஏரிக்கு மேலே மூன்று கிலோமீட்டர் தள்ளிப் போவோம். பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கிழவனுக்கு என்னமோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

நான் நில அளவைத் துறையில் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்தவன். சங்கிலியைத் தூக்கிக்கொண்டு தர்மபுரி, பாலக்கோடு, பென்னாகரம், அரூர், ஊத்தங்கரை என்று சுற்றியாயிற்று. ஓய்வு பெற்றபின் முழங்கால் வலியைத் தவிர மிச்சம் ஒன்று இருக்கிறது: எந்த மேட்டில் விழுந்த மழை எந்தப் பள்ளத்துக்குப் போகும் என்று நின்ற இடத்திலேயே பார்க்கிற பழக்கம். நான் கண்டவரை ஏரி கெடத் தொடங்குவது மேலே, யாரும் எட்டிப் பார்க்காத ஏதோ ஓர் ஓடையில். அதற்கும் முன்னால் தாலுகா ஆபீஸ் காகிதத்தில். காக்கிற வேலையும் அந்த இரண்டு இடத்தில்தான் தொடங்க வேண்டும். அந்தப் பிள்ளைகளுக்குச் சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன்.

நீங்கள் குடிப்பது எந்த மேட்டுத் தண்ணீர்?

இதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். அதிகாரியைத் தேட வேண்டியதில்லை. உங்கள் தெருவுக்குத் தண்ணீர் திறந்துவிடுகிறவரைக் கேட்டால் போதும். இன்றைக்கு வருவது எது, அணைத் தண்ணீரா, ஒகேனக்கல்லா, போர் தண்ணீரா என்று வால்வைத் தொட்டே சொல்வார்.

தர்மபுரி நகரத்துக்குப் பஞ்சப்பள்ளியில் சின்னாற்றின் குறுக்கே கட்டிய அணையிலிருந்து தண்ணீர் வருகிறது. காவிரித் தண்ணீர் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் வருகிறது. 2008-இல் அடிக்கல் நாட்டி, 2013-இல் திறந்தார்கள். ஜப்பான் கொடுத்த கடன். தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்துக்கும் பொதுவான திட்டம். ஃப்ளோரோசிஸ், அதாவது தண்ணீரில் ஃப்ளோரைடு மிகுந்து பல்லும் எலும்பும் கெடுகிற நோய், அதன் பாதிப்பைக் குறைப்பது திட்டத்தின் பெயரிலேயே சேர்ந்திருக்கிறது. ஏன் என்பதற்கு எங்கள் வயதுக்காரர்கள் வாயைத் திறந்து காட்டினால் போதும். பல்லில் காவிக்கறை இல்லாதவர்கள் என் வகுப்பில் கொஞ்சம் பேர்தான். சின்ன வயதில் பல் துலக்காததால் வந்த கறை என்று வாத்தியாரிடம் அடிகூட வாங்கியிருக்கிறோம்.

நம் பக்கத்துப் பாறைகளில் ஃப்ளோரைடு கலந்த கனிமங்கள் இருக்கின்றன. மழைத்தண்ணீர் பாறை இடுக்கில் எவ்வளவு காலம் கிடந்து ஊறுகிறதோ அவ்வளவுக்கு ஃப்ளோரைடு கரைந்து ஏறும். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியே இல்லாத இடத்தில் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தர அளவு. ஏரி நிறைந்த வருஷம் அக்கம்பக்கத்துக் கிணறுகளில் புதுத் தண்ணீர் ஊறும், மேலாகவே கிடைக்கும். ஏரி காய்ந்தால் 800 அடி, 1000 அடி என்று போர் இறக்குகிறோம். அங்கே கிடப்பது பழைய தண்ணீர். ஒகேனக்கல் குழாய் எங்காவது உடைந்து நாலு நாள் தண்ணீர் நின்றால் ஊர் மறுபடியும் அந்த போர் பக்கம்தான் ஓடும். அந்த நாலு நாளில் என்ன குடிக்கிறோம் என்பதை ஏரியின் வரத்துதான் தீர்மானிக்கிறது.

பெரிய ஆற்றின் நீர்ப்பிடிப்பு, அதாவது மழை விழுந்து அதற்கு ஓடி வருகிற நிலப்பரப்பு, நம் கைக்கு எட்டாது. காவிரிக்குக் குடகு வரை போக வேண்டும். இருந்தாலும் ஒரு விஷயத்தை மட்டும் வரைபடத்தில் விரல் வைத்துப் பாருங்கள். பெங்களூரு மேட்டில் உட்கார்ந்திருக்கிறது. அதன் மேற்குப் பக்கத்துக் கழிவு விருஷபாவதியில் இறங்கி, அர்க்காவதியில் கலந்து, சங்கமத்தில் காவிரிக்கு வந்து, ஒகேனக்கல் பக்கம் வருகிறது. கிழக்குப் பக்கத்துக் கழிவு பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகள் வழியாகத் தென்பெண்ணையில் விழுந்து, ஓசூர் கெலவரப்பள்ளி அணைக்கு வந்து, அங்கே மதகு திறந்தால் நுரை மலைபோல் எழுகிறது. அதற்கும் கீழே கிருஷ்ணகிரி அணை. ஆக, ஒரே ஊரின் இரண்டு பக்கத்துக் கழிவுக்கும் பள்ளத்தில் இருக்கிறவர்கள் நாம்தான்.

அந்தப் பெங்களூரும் தன் பங்குக்கு இழந்திருக்கிறது. அர்க்காவதியில் திப்பகொண்டனஹள்ளி நீர்த்தேக்கத்தை 1933-இல் குடிநீருக்கென்றே கட்டினார்கள். மேலே வீட்டு மனை, போர், தைலமரத் தோப்பு என்று ஏறிக்கொண்டே போக, வரத்து சுருங்கியது. வந்த கொஞ்சமும் கழிவாக வந்தது. கடைசியில் அதிலிருந்து குடிநீர் எடுப்பதையே நிறுத்தினார்கள். அணைக்கு ஒன்றும் ஆகவில்லை, கல் ஒன்றுகூடப் பெயரவில்லை.

சரி, நம் ஏரிக்கு வருவோம். ராமாக்கால் ஏரியோ அன்னசாகரமோ இலக்கியம்பட்டியோ கிருஷ்ணகிரிப் பக்கம் அவதானப்பட்டியோ, எதுவானாலும் வேலை ஒன்றுதான்.

காகிதத்தில் வாய்க்காலைத் தேடுவது

முதலில் வேண்டியவை மூன்று: கிராம வரைபடம், ஒவ்வொரு சர்வே நம்பரும் என்ன வகை நிலம் என்று சொல்லும் ஏ ரிஜிஸ்டர் என்கிற அ-பதிவேடு, ஒவ்வொரு நம்பரையும் அளவோடு வரைந்த எஃப்.எம்.பி. என்கிற புலப்படம். பின்னது இரண்டையும் தமிழ்நாடு அரசின் நிலப்பதிவு இணையதளத்தில் சர்வே நம்பரைப் போட்டால் வீட்டிலிருந்தே பார்க்கலாம். கிராம வரைபடத்துக்குத்தான் அலைய வேண்டும். கிடைத்தால் பெரிதாக நகலெடுத்துச் சுவரில் ஒட்டுங்கள்.

ஏரியின் நம்பரில் தொடங்கி, அதைத் தொடும் ஒவ்வொரு நம்பரையும் பதிவேட்டில் பாருங்கள். "ஓடை", "வாய்க்கால்", "ஏரி உள்வாய்", "கரடு", "வண்டிப்பாதை" என்று வகைப்பாடு எழுதியிருக்கும். வாய்க்கால் என்று இருப்பதையெல்லாம் நீல மையால் இணைத்துக்கொண்டே மேலே போங்கள். எங்காவது நீலக்கோடு அறுந்துபோகும். மேலே வாய்க்கால் இருக்கிறது, கீழே இருக்கிறது, நடுவில் ஒரு நம்பர் மட்டும் பட்டா நிலம். அங்கே ஒரு சிவப்புப் புள்ளி. 1980களில் யூ.டி.ஆர். பதிவு மேம்பாட்டின்போது பழைய நம்பர்கள் மாறின, சில இடத்தில் பிழையும் புகுந்தது. சிவப்புப் புள்ளிகளுக்கு மட்டும் அதற்கு முந்தைய பதிவேட்டின் நகலைக் கேட்டு மனுப் போடுங்கள். எல்லாவற்றுக்கும் கேட்டால் ஒன்றும் வராது.

புலப்படத்தில் அலகைக் கவனியுங்கள். பழைய படங்களில் அளவு லிங்க்ஸில் இருக்கும், புதியதில் மீட்டரில். 100 லிங்க்ஸ் ஒரு சங்கிலி, அது 66 அடி. ஆக ஒரு லிங்க் ஏறக்குறைய 20 செ.மீ. வாய்க்கால் அகலம் 30 என்று போட்டிருந்தால் அது 6 மீட்டர். ஒரு கூட்டத்தில் ஆர்வமான பையன் ஒருவன் எழுந்து, "படத்துல முப்பது அடி இருக்கு, நீங்க இருபது அடிதான் விட்டிருக்கீங்க" என்று சண்டைக்குப் போனான். எதிர்த்தரப்பில் இருந்தவர் சிரித்துக்கொண்டே ஸ்கேலை எடுத்தார். 30 லிங்க்ஸ் என்பது 20 அடிக்குச் சற்றுக் குறைவுதான். அவர் விட்டிருந்தது சரி. அதற்குப்பின் அந்தப் பையன் சரியாகச் சொன்னதைக்கூட அந்த ஊரில் யாரும் காதில் வாங்கவில்லை.

இங்கே என் தப்பையும் சொல்லிவிட வேண்டும். வேலையில் சேர்ந்து ஐந்தாறு வருஷம் இருக்கும். ஓர் உட்பிரிவுக்காக அளக்கப் போனேன். புலப்படத்தில் வாய்க்கால் இருந்தது. தரையில் பார்த்தால் உழுது சமப்படுத்தி, கேழ்வரகு அறுத்த தாள் நின்றது. வாய்க்காலுக்கான தடயமே இல்லை. அறிக்கையில் "தற்சமயம் நீரோட்டம் ஏதும் இல்லை" என்று ஒரு வரி எழுதினேன். பொய் இல்லை. ஆனால் நான் போனது ஏப்ரல் மாதம். தர்மபுரியில் ஏப்ரல் மாதம் எந்த வாய்க்காலில் நீரோட்டம் இருக்கும்? அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு மேலே மேலே காகிதம் நகர்ந்தது. இன்றைக்கு அங்கே தெருவிளக்கோடு மனைப்பிரிவு இருக்கிறது. அதற்குக் கீழே இருந்த குட்டையில் இப்போது பையன்கள் கிரிக்கெட் ஆடுகிறார்கள். அந்தப் பக்கம் பஸ்ஸில் போகும்போது நான் மறுபக்க ஜன்னலோரம் உட்காருவேன்.

அதனால்தான் சொல்கிறேன், வாய்க்கால் பற்றிய ஆய்வு கோடையில் நடந்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அதிகாரி ஏப்ரலில்தான் வருகிறார் என்றால், ஐப்பசி கார்த்திகையில் தண்ணீர் ஓடும்போது எடுத்த படம் உங்கள் கையில் இருக்க வேண்டும். தேதியோடு, சர்வே கல்லோ மின்கம்பமோ ஏதாவது ஓர் அடையாளம் தெரிகிற மாதிரி. வெறும் தண்ணீர்ப் படம் எந்த ஊர்த் தண்ணீராகவும் இருக்கலாம்.

மழையில் நடப்பது

மழை தொடங்கி இருபது நிமிஷம் ஆகட்டும். இடி இடித்தால் வீட்டிலேயே இருங்கள், இதில் வீரம் வேண்டாம். ரப்பர் செருப்பு வழுக்கும். பின்பட்டை வைத்தது போடுங்கள். கையில் ஒரு கோல், ஒரு பை உமி, பிளாஸ்டிக் உறைக்குள் போன்.

ஏரி வாயிலிருந்து தொடங்கி மேல்நோக்கிப் போங்கள். ஓடை இரண்டாகப் பிரியும் ஒவ்வொரு இடத்திலும் நின்று, எதில் எவ்வளவு வருகிறது என்று பாருங்கள். கண் ஏமாற்றும். சிவப்பாக, சத்தமாக ஓடுவது அதிகம் மாதிரி தெரியும்; தெளிந்து சத்தமில்லாமல் ஓடுவதில்தான் தண்ணீர் நிறைய இருக்கும். ஒரு பிடி உமியைப் போட்டு, பத்து அடி தூரம் போக எத்தனை எண்ணிக்கை என்று எண்ணுங்கள். அகலம், ஆழம், வேகம் மூன்றையும் பெருக்கினால் தோராயமாக எவ்வளவு ஓடுகிறது என்று வந்துவிடும். நடுவில் ஓடுகிற வேகம் ஓரத்தில் இராது, ஆகவே வந்த விடையில் கால் பங்கைக் கழித்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும் நாமே கண்டுபிடித்துவிட முடியாது. எங்கள் ஏரியின் வடமேற்கு வரத்து ஒன்று படத்தில் இருந்தது, தரையில் இரண்டு மழைக்குத் தேடியும் கிடைக்கவில்லை. மூன்றாவது மழையில், கரட்டு ஓரம் ஆடுகளோடு ஒதுங்கி நின்ற ஓர் ஆயா எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன கண்ணு தேடற?" என்றார். சொன்னேன். கோலை நீட்டி, "அதோ அந்தப் புளியமரத்துக்கு அண்டையில ரோடு போட்டாங்கல்ல, அதுக்கு இந்தப் பக்கமே நின்னு தேடினா எப்படி கிடைக்கும்? அது அந்தப் பக்கம் தேங்கி, அவங்க மாந்தோப்பு வழியா திரும்பிப் போவுது" என்றார். ரோடு போட்டபோது வைத்த குழாய்ப்பாலம் மண் மூடிப் புதைந்து கிடந்தது. எங்கள் ஏரிக்கு வர வேண்டிய தண்ணீர் ஏழெட்டு வருஷமாக வேறொரு குட்டைக்குப் போயிருக்கிறது. ஆடு மேய்ப்பவர்களிடம் முதலிலேயே கேட்டிருந்தால் இரண்டு மழை மிச்சம்.

முழங்காலுக்கு மேல் ஓடும் தண்ணீரில் இறங்காதீர்கள். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. கொட்டியது. ஏரி நிரம்பி வந்த தண்ணீரில் நின்றிருந்த வண்டிகளெல்லாம் உருண்டு போனதை ஊரே பார்த்தது. நம்மால் சங்கிலி போட்டு அளக்க முடியாத ஓடை அகலத்தைத் தண்ணீர் ஒரு ராத்திரியில் அளந்து காட்டிவிடும்.

வீட்டு மாடியில் மழைமானி ஒன்று வையுங்கள். நேரான பக்கம் உள்ள டப்பாவும் ஸ்கேலும் போதும். தினமும் காலை எட்டரைக்குப் பார்த்து எழுதுங்கள். கணக்கு எளிது: ஒரு ஹெக்டேரில் 1 மி.மீ. மழை என்றால் 10,000 லிட்டர். உங்கள் ஏரிக்கு 200 ஹெக்டேர் நீர்ப்பிடிப்பு என்று வைத்துக்கொள்வோம். 40 மி.மீ. மழை பெய்தால் விழுந்தது 8 கோடி லிட்டர். அதில் பத்தில் ஒரு பங்கு ஓடி வந்தாலும் 80 லட்சம் லிட்டர். ஆளுக்கு நாளுக்கு 135 லிட்டர் என்று போட்டால், ஏறக்குறைய 2,000 பேருக்கு ஒரு மாதத்துக்கு வரும். வெயிலுக்கும் மண்ணுக்கும் போவது போகத்தான் மிச்சம் என்றாலும், ஒரே மழை இது. இந்தக் கணக்கை ஊர்க் கூட்டத்தில் சொன்னபோதுதான் முதல் தடவையாகச் சத்தம் அடங்கியது.

பாட்டில் வரிசை

இது பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்த வேலை. ஒரே மாதிரியான ஒரு லிட்டர் பாட்டில்கள், வரத்துக்கு ஒன்று. மழை தொடங்கி முதலில் வருகிற தண்ணீர் எங்கேயும் கலங்கல்தான், அதை விட்டுவிடுங்கள். அரை மணி நேரம் கழித்து, எல்லா வரத்திலும் ஏறக்குறைய ஒரே நேரத்தில், நடு ஓட்டத்தில் பிடியுங்கள். பெயர், தேதி எழுதி ஜன்னல் திண்டில் ஒரு ராத்திரி ஆடாமல் வையுங்கள். காலையில் அடியில் படிந்த மண்ணை ஸ்கேலால் அளந்து எழுதுங்கள்.

எங்கள் திண்டில் நாலு பாட்டில். மூன்றில் விரல் நகக் கனம். ஒன்றில் கட்டை விரல் அளவு செம்மண். அந்த வரத்தைப் பிடித்து மேலே போனால், கரட்டின் சரிவில் புதிதாக மண் வெட்டி எடுத்திருந்தார்கள். புல் ஒன்றும் இல்லை, மழை தாரை தாரையாக அரித்திருந்தது. ஏரி தூர்ந்துபோகிறது என்று வருஷா வருஷம் தூர்வாரக் கேட்டுக்கொண்டிருந்தோம். வருகிற மண்ணில் பெரும்பங்கு அந்த ஒரு சரிவிலிருந்து.

வெள்ளையாக நுரைத்து, புளித்த வாடை வந்தால் மேலே கிழங்கு மில்லோ மாம்பழக் கூழ் ஆலையோ இருக்கிறதா என்று பாருங்கள். பச்சையாக, சாக்கடை வாடை என்றால் சொல்ல வேண்டியதில்லை. சந்தேகப்படும் தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுக்கலாம். கிருமிப் பரிசோதனைக்குக் கண்ட பாட்டிலில் கொண்டுபோகாதீர்கள், அவர்களிடமே சுத்தம் செய்த பாட்டில் வாங்கிப் பிடித்து அன்றைக்கே கொடுக்க வேண்டும். கிணறு, போர் தண்ணீருக்கு மழைக்கு முன் ஒரு தடவை, மழைக்குப் பின் ஒரு தடவை ஃப்ளோரைடும் நைட்ரேட்டும் பார்த்து வையுங்கள். நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டினால் எரு, உரம், கழிவறை, மூன்றில் ஏதோ ஒன்று கலக்கிறது.

கல் அடுக்குவது

அரித்த ஓடையில் கல் தடுப்பு போடுவதைப் பார்க்க எளிதாகத் தெரியும். நாங்கள் போட்ட முதல் தடுப்பு அழகாக இருந்தது. மதில் மாதிரி மட்டம் பார்த்து, மேல்வரிசை நேராக. அடுத்த மழையில் தண்ணீர் கல்லைத் தொடவேயில்லை. இரண்டு ஓரத்து மண்ணையும் அறுத்துக்கொண்டு சுற்றிப் போனது. ஓடை முன்பைவிட அகலமாகிவிட்டது.

நூறு நாள் வேலையில் வந்த ஒரு பெரியம்மாதான் சரியான முறையைக் காட்டிக்கொடுத்தார். தடுப்பின் நடு தாழ்ந்திருக்க வேண்டும், இரண்டு ஓரமும் உயர்ந்து கரைக்குள் ஒரு முழம் நுழைந்திருக்க வேண்டும். அப்போதுதான் தண்ணீர் நடுவில் வழியும். அடியில் ஒரு சாண் பள்ளம் தோண்டி, பெரிய கல்லைக் கீழ்ப்பக்கம் பதித்து, சின்னக் கல்லை மேல்பக்கம் இடுக்கில் திணிக்க வேண்டும். தண்ணீர் வழிந்து விழும் இடத்தில் பரவலாகக் கல் பாவ வேண்டும், இல்லாவிட்டால் காலடியில் குழி விழுந்து சுவர் சாயும். உயரம் இடுப்பைத் தாண்டக் கூடாது. மேல் தடுப்பின் காலும் கீழ்த் தடுப்பின் நடுத் தாழ்வும் ஒரே மட்டத்தில் வருகிற மாதிரி அடுத்தடுத்துப் போட வேண்டும். சரிவு அதிகமென்றால் நெருக்கமாக வரும். சிமெண்ட் எதற்கும் வேண்டாம். கசியத்தான் வேண்டும், மண்தான் நிற்க வேண்டும்.

வனத்துறை எல்லைக்குள் ஒரு கல்லையும் புரட்டாதீர்கள், முதலில் அனுமதி. புறம்போக்கு ஓடையில் ஊராட்சியிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். சரிவில் வெட்டிவேரும் கொழுக்கட்டைப் புல்லும் நட்டால் இரண்டு மழையில் பிடித்துக்கொள்ளும், ஆடு மட்டும் வாய் வைக்காமல் பார்க்க வேண்டும். தைலமரம் வேண்டாம். ஏரிக்கரை மண்மேல் ஆல், அரசு நடுவதும் வேண்டாம். வேர் கரையைத் துளைக்கும். பனை போதும்.

அழுக்கு வரும் வழி

பிளாஸ்டிக் கண்ணுக்குத் தெரிகிறது, அதனால் அதைப் பொறுக்குகிறோம். கண்ணுக்குத் தெரியாதது செப்டிக் டேங்க் லாரி. ராத்திரி பத்து மணிக்கு மேல் வந்து, வாய்க்கால் பாலத்தில் பின்பக்கமாக நிறுத்தி, குழாயைத் திறந்துவிட்டுப் போய்விடும். அந்த ஒரு டேங்க், நீங்கள் ஒரு வருஷம் பொறுக்கிய குப்பையைவிடக் கெடுதல். தனியாகப் போய் மறிக்காதீர்கள், அடிபட்டவர்கள் உண்டு. வண்டி நம்பர், நேரம், இடம் மூன்றையும் குறித்து நகராட்சிக்கும் காவல் நிலையத்துக்கும் எழுத்தில் கொடுங்கள். அதைவிட முக்கியமாக, உங்கள் தெருவில் டேங்க் காலி பண்ணக் கூப்பிடும்போது, "எங்க கொட்டுவீங்க?" என்று கேளுங்கள். கேட்க வெட்கமாகத்தான் இருக்கும். நாம் காசு கொடுத்து அனுப்பியது நம் ஏரிக்கே வருகிறது என்பது அதைவிட வெட்கம்.

இரண்டாவது மீன் குத்தகை. குத்தகை எடுத்தவர் மீன் கொழுக்கக் கோழிக்கழிவையும் சாணத்தையும் மூட்டை மூட்டையாகக் கொட்டுவது பல ஏரிகளில் நடக்கிறது. ஏலம் விடும் முன்பே, கழிவு போடக் கூடாது, தடை செய்த ஆப்பிரிக்கக் கெளுத்தி விடக் கூடாது என்று நிபந்தனையில் எழுதச் சொல்லுங்கள். ஏலம் முடிந்தபின் போய்க் கத்திப் பயனில்லை.

தக்காளித் தோட்டத்து மருந்து டப்பாவை ஏரியில் அலசுவது, விநாயகர் சிலைக்குச் சாயம், லாரி கழுவுவது, இவையெல்லாம் ஊரில் ஒரு பெரியவர் சொன்னால் பெரும்பாலும் நின்றுவிடும்.

மேட்டுக்காரரைப் பகைக்காதீர்கள்

நகரத்துக்காரன் தண்ணீர் குடிக்க மேட்டு விவசாயி ஏன் தன் நிலத்தில் வேலி போட வேண்டும்? நியாயமான கேள்விதான். நியூயார்க் நகரம் 1997-இல் கேட்ஸ்கில் மலைப்பக்கத்து ஊர்களோடு ஓர் ஒப்பந்தம் போட்டது. பெரும் செலவில் வடிகட்டும் ஆலை கட்டுவதற்குப் பதில், மேலே இருக்கும் வீடுகளின் செப்டிக் டேங்கைப் பழுது பார்க்கவும், பண்ணை மாடுகள் ஓடையில் இறங்காமல் இருக்கவும் நகரம் தன் காசைக் கொடுத்தது. நம்மிடம் அவ்வளவு காசு இல்லை. ஆனால் கொடுக்க வேறு உண்டு. ஏரி வண்டலை வயலுக்கு எடுக்க வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி தருகிறார்கள். அந்த மனுவை எழுதிக் கொடுங்கள், முதல் நடை மேட்டுக்காரருக்குப் போகட்டும். மாந்தோப்புக்காரர் ஒருவர் எங்களை வாசலிலேயே நிற்க வைத்துப் பேசியவர். பத்து நடை வண்டல் விழுந்தபின் அவரே கடப்பாரையோடு வந்து வாய்க்கால் கரையைத் தாழ்த்திக் கொடுத்தார்.

மனு எழுதுவது

"ஏரியைக் காப்பாற்றுங்கள்" என்று எழுதினால் அது சுற்றிச் சுற்றி வரும். சர்வே நம்பர், வகைப்பாடு, படத்தில் உள்ள அகலம், தரையில் உள்ள அகலம், வேண்டிய செயல், இவை மட்டும் ஒரே பக்கத்தில் இருக்கட்டும். "அளந்து கல் நடவும்" என்பதுதான் முதல் கோரிக்கையாக இருக்க வேண்டும். ஆக்கிரமிப்பு என்ற வார்த்தையை அளந்தபின் எழுதலாம். பொதுப்பணித்துறையிடம் இருந்து, இப்போது நீர்வளத் துறையிடம் இருக்கும் ஏரிகளுக்கு 2007-ஆம் வருஷத்து ஏரிகள் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, அளவீடும் எல்லைக் கல்லும் அதிலேயே சொல்லப்பட்டவை. திங்கட்கிழமை குறைதீர் நாளில் கொடுத்து ரசீது வாங்குங்கள். ஊராட்சி என்றால் கிராம சபையில் தீர்மானமாக எழுத வையுங்கள். மார்ச் 22 தண்ணீர் தினத்துக் கிராம சபையைவிட நவம்பர் 1-ஆம் தேதிக் கூட்டம் இதற்கு நல்லது, அப்போது வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும், கூட்டத்தையே அழைத்துப் போய்க் காட்டலாம்.

இந்த வருஷம் மே மாதம் முதல் கோடை மழை ராத்திரி எட்டு மணிக்குப் பிடித்தது. ஒன்பது மணிக்குப் போன். ஐப்பசியில் சாக்குப்பையோடு வந்த பிள்ளைகளில் ஒருத்தி. "சார், புளியமரத்துக் குழாய்ப்பாலத்துல நிக்கிறோம். மேல்பக்கம் முழங்கால் தண்ணி தேங்கியிருக்கு, கீழ்ப்பக்கம் ஒரு சொட்டு வரல. மண்ணு மறுபடி மூடிடுச்சு." உள்ளே கை விடாதே, பாம்பு இருக்கும் என்றேன். தேதியோடு ஒரு படம், மின்கம்பத்து நம்பர் தெரிகிற மாதிரி. காலையில் பத்தடிக் கம்பியின் நுனியைக் கொக்கியாக வளைத்து எடுத்துக்கொண்டு, கீழ்ப்பக்கத்திலிருந்து மேல்நோக்கிக் குத்திக்கொண்டே போக வேண்டும். மேல்பக்கத்திலிருந்து குத்தினால் மண் உள்ளேதான் இறுகும். ஆடிப்பெருக்குக்குள் இரண்டு தடவை எடுத்துவிட்டால் புரட்டாசி மழைக்குக் குழாய் திறந்திருக்கும்.